பிடி பழையது, முடி புதியது

கடந்த பெருநாள் விடுமுறைக்கு மறிச்சுக்கட்டிக்குப் போயிருந்தேன். மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டின் வடக்கு எல்லைக்கு அருகே, கடலுக்கும் காட்டுக்கும் நடுவில் கிடக்கிறது எங்கள் ஊர். அங்கே தங்கியிருந்த நான்கு நாட்களில் நான் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். என் வாப்பாவின் சவரத் தூரிகையைப் பழுது பார்த்தேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாள் அலுவலகங்களில் உட்கார்ந்து யுத்தம், தேர்தல், வரவு செலவுத் திட்டம் என்று எழுதிக் களைத்தவனுக்கு இது ஒரு விடயமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். முழுவதையும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

அந்தத் தூரிகையை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். வாப்பா பள்ளிக்கூட ஆசிரியர். திருமணமான புதிதில் கொழும்புக் கோட்டையில் ஒரு கடையில் அதை வாங்கினாராம். யானைத் தந்தத்தின் நிறத்தில், இடை சிறுத்து அடி பருத்த பிளாஸ்ரிக் பிடி. அதன் அடிப்பாகத்தில் தேய்ந்துபோன ஆங்கில எழுத்துகளில் மூன்று செய்திகள்: தூய வளைக்கரடி முடி; சுத்திகரிக்கப்பட்டது; இங்கிலாந்தில் செய்யப்பட்டது. வளைக்கரடி என்பது ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதிகளிலும் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும், முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் கொண்ட ஒரு பிராணி. பெயரில்தான் கரடி, கரடிக்கும் அதற்கும் உறவில்லை. இலங்கையில் அது கிடையாது. ஆனால் எங்களுக்கு அடுத்த கிராமத்தின் பெயர் கரடிக்குளி. ஆகவே சிறுவயதில், வாப்பாவின் பிரஷ்ஷில் இருப்பது கரடிக்குளிக் கரடியின் முடி என்றே நானும் தம்பியும் நம்பியிருந்தோம். வில்பத்துக் காட்டில் நிஜக் கரடிகள் உண்டு என்பதால் அந்த நம்பிக்கை நெடுநாள் உடையவில்லை.

ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் வளைக்கரடி முடி ஆடம்பரம்தான். அதற்கு வாப்பாவிடம் ஒரு நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் மலிவான சவரத் தூரிகை என்றால் பெரும்பாலும் பன்றி முடி. முஸ்லிம் வீட்டில் அது முகத்தில் படக்கூடாது. குதிரை முடியும் உண்டு, ஆனால் தேடிக் கிடைப்பதில்லை. மிஞ்சியது வளைக்கரடி. மார்க்கம் கற்றவர் ஒருவர், உண்ணத் தகாத பிராணியின் உடலிலிருந்து பிரிந்த முடி ஷாஃபி மத்ஹபின்படி சுத்தமானதன்று என்று பின்னாளில் எடுத்துச் சொன்னபோது வாப்பா சற்றுக் கலங்கினார். அதன் பிறகு சவரம் முடிந்ததும் முகத்தையும் கழுத்தையும் ஒரு தடவைக்கு மூன்று தடவை கழுவினார். தூரிகையை மட்டும் விடவில்லை.

நாடியில் கத்தரித்த சிறு தாடி. கன்னமும் கழுத்தும் வழுவழுவென்று மழிக்கப்பட்டிருக்கும். அதுதான் வாப்பாவின் முகம். ஊருக்கு வரும் ஒஸ்தாவிடம் தலைமுடி வெட்டிக்கொள்வார். சவரத்தைத் தானே செய்துகொள்வார். (பிள்ளைகளின் கத்னாவிலிருந்து பெரியவர்களின் தலைவரை கத்தி வைத்த அந்த ஒஸ்தா குடும்பங்களுக்கு நமது சமூகம் கொடுத்த இடம் எவ்வளவு தாழ்ந்தது என்பது தனியே எழுத வேண்டிய ஒரு கதை.) 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிளேட் கிடைக்காதபோது, கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் பழைய பிளேட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்குவார். அந்தக் கீச்சொலி இன்னும் காதில் இருக்கிறது. பிளேட் மாறும், சவர்க்காரம் மாறும், தூரிகை மாறாது.

1990 ஒக்ரோபர் மாத இறுதியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். எங்கள் ஊர் முழுதாக வெளியேறியது. நான் அப்போது பேராதனையில் கலைப்பீட மாணவன். அந்த நாட்களை நான் பார்க்கவில்லை. உம்மா சொல்லித்தான் தெரியும். கையில் தூக்கக்கூடியதை மட்டும் எடுக்கலாம் என்ற நிலையில், பிள்ளைகளின் சான்றிதழ்களோடு வாப்பா அந்தத் தூரிகையையும் பையில் போட்டிருக்கிறார். “இது என்னத்துக்கு?” என்று உம்மா கேட்டாராம். “அந்நிய ஊருக்குள்ள தாடியும் மீசையுமா, பிச்சைக்காரன் மாதிரியா போறது?” என்று வாப்பா திருப்பிக் கேட்டாராம். கடல்வழியாகக் கற்பிட்டி, அங்கிருந்து புத்தளம் முகாம், கிடுகுக் கொட்டில்.

முகாமில் அந்தத் தூரிகை பொதுச்சொத்தானது. பெருநாள் காலைகளில் எங்கள் கொட்டிலின் முன்னால் ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் தொழுகைக்கு முன் முகத்தை மட்டுமாவது ஒழுங்காக்கிக்கொள்ள விரும்பினார்கள். ஒரே தூரிகையைப் பலர் பயன்படுத்துவது சுகாதாரமன்று என்று இன்று சொல்லுவோம். அன்று அதைச் சொல்லும் மனம் யாருக்கும் இருக்கவில்லை. தூரிகையின் முடி கொட்டியது அந்த ஆண்டுகளில்தான். வாப்பா 2004இல் புத்தளத்திலேயே காலமானார். யுத்தம் முடிந்து தம்பி குடும்பம் ஊர் திரும்பியபோது, தகரப் பெட்டியில் அந்தத் தூரிகையும் திரும்பியது. நடுவில் வழுக்கை விழுந்து, ஓரங்களில் மட்டும் நான்கைந்து கற்றை நின்ற நிலையில்.

இனி, பழுது பார்த்த விதம். இதே போன்ற ஒரு தூரிகை உங்கள் வீட்டிலும் கிடக்கலாம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சவரத் தூரிகை என்பது இரண்டே பொருட்கள்: பிடி ஒன்று, முடிக்கட்டு ஒன்று. நல்ல தூரிகைக்கு முடியை நுனி கீழாக ஒரு கிண்ணம் போன்ற அச்சில் இட்டு, அடியை நூலால் இறுக்கிக் கட்டி, பசையில் உறையவைப்பார்கள். நுனிகளைக் கத்தரிப்பதில்லை. இயற்கையாகக் கூம்பும் நுனிதான் தோலில் மென்மையாகப் படுகிறது. அப்படி உறைந்த அடிக்கட்டை பிடியிலுள்ள குழிக்குள் ஒட்டப்படும். ஆகவே முடி கொட்டிப்போனால் தூரிகை செத்துவிட்டது என்று பொருளல்ல. பழைய கட்டைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிய கட்டை வைக்கலாம். வெளிநாடுகளில் முடிக்கட்டுகள் தனியாகவே விற்கப்படுகின்றன. நான் ஒன்றைத் தபாலில் தருவித்திருந்தேன்.

வளைக்கரடி முடியை நான் வாங்கவில்லை. காரணங்கள் இரண்டு. வாப்பாவின் மனதில் கிடந்த அந்த மார்க்கச் சந்தேகத்தை மகன் தொடர வேண்டியதில்லை என்பது ஒன்று. மற்றது அந்தப் பிராணியின் நிலை. பிரித்தானியாவில் வளைக்கரடி சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. இன்று சந்தைக்கு வரும் முடியில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அங்குள்ள பண்ணைகளில் அவை சிறு கம்பிக்கூடுகளில் அடைபட்டுக் கிடப்பதையும் அடித்துக் கொல்லப்படுவதையும் 2018இல் பீட்டா அமைப்பு காணொளிகளாக வெளியிட்டது; அதன் பின் பல நிறுவனங்கள் அந்த முடியைக் கைவிட்டன. நமது அயலிலும் இது நடந்திருக்கிறது. இந்தியாவில் தூரிகை முடிக்காகக் கீரிகள் கொல்லப்பட்டன. அந்த வியாபாரம் சட்டவிரோதமாக்கப்பட்ட பிறகும் களவாக நடந்தது. நான் வாங்கியது செயற்கை இழையாலான கட்டு. பழைய நைலோன் தூரிகைகளைப் போலக் குத்துவதில்லை. நுனி கூம்பலாக இருக்கிறது. தண்ணீரை விரைவில் உதறிக் காய்ந்தும் விடுகிறது. வளைக்கரடியைப் போலத் தண்ணீரைத் தேக்கிவைக்காது என்பது அதன் ஒரே குறை. பழகினால் அதுவும் பெரிதன்று.

பிடியில் உள்ள ‘சுத்திகரிக்கப்பட்டது’ என்ற சொல்லைத் தம்பியின் மகன் கவனித்து, “இது என்ன பெரியவாப்பா, ஆஸ்பத்திரிச் சாமானா?” என்று கேட்டான். அவனுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலாம் உலகப் போருக்கு முன் தூரிகை முடி ருஷ்யாவிலிருந்து ஜெர்மனி வழியாகச் சுத்தம் செய்யப்பட்டு வந்துகொண்டிருந்தது. போர் அந்த வழியை அடைத்தது. உடனே ஆசியாவிலிருந்து நேராக வந்த குதிரை முடியை, சரியாகச் சுத்திகரிக்காமல், வளைக்கரடி முடி போலச் சாயமிட்டு விற்றார்கள். அதில் அந்திராக்ஸ் கிருமி இருந்தது. சவரக் கீறல் வழியே அது உடலில் ஏறியது. 1915க்குப் பிந்திய பத்து ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இருநூறுக்கும் மேற்பட்டோர் இவ்வாறு நோயுற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் படைவீரர்கள். 1920இல் ஜப்பானியச் சவரத் தூரிகைகளின் இறக்குமதியைப் பிரித்தானியா தடை செய்தது. தூரிகைப் பிடிகளில் அந்தச் சொல் இடம்பிடித்ததன் பின்னணி இதுதான். வாப்பாவின் தூரிகை மிகவும் பிந்தியது, பயமில்லை. ஆனால் 1930க்கு முந்திய பழந்தூரிகை யாருக்காவது கிடைத்தால், அதன் முடியால் சவரம் செய்யாதீர்கள். பிடியை மட்டும் காப்பாற்றுங்கள்.

முதல் வேலை, பழைய கட்டை எடுப்பது. வெந்நீரில் ஊறப்போட்டால் பசை இளகும் என்று படித்திருந்தேன். சில பிடிகளுக்கு அது பொருந்தும். கொம்பு, மரம், பழைய பிளாஸ்ரிக் வகைகள் வெந்நீரில் வெடிக்கும், கோணும். எனவே அந்த வழியை விட்டுவிட்டேன். மிஞ்சிய முடியைக் கத்தரியால் ஒட்ட வெட்டினோம். பிடியைத் துணியில் சுற்றி இடுக்கியில் மெல்லப் பிடித்து, கட்டின் நடுவே சிறு அலகால் ஒரு துளை, பின்னர் அதைச் சுற்றிச் சில துளைகள் என்று போட்டு, உடைந்த துண்டுகளைச் சிறு உளியால் நோண்டி எடுத்தோம். துளைக்கருவியைப் பிடித்தவன் மருமகன் முறையான அயல்வீட்டுத் தச்சன். மூக்கை மூடிக்கொள்ளச் சொன்னேன். சிரித்தான், ஆனாலும் மூடிக்கொண்டான். ஒன்றரை மணிநேரம் சென்றது. குழியின் சுவரைத் தொட்டுவிடாமல் வேலை செய்வதுதான் இதில் உள்ள வித்தை முழுவதும்.

அடியில் பழைய பசைக்குக் கீழே வெள்ளையாய் ஒரு படலம். எங்கள் பக்கத்துக் கிணற்று நீரின் கைவேலை அது. சுண்ணக்கல் நிலத்தின் தண்ணீர், அதிலும் கடலோரச் சவர்த் தண்ணீர். சவர்க்காரத்தோடு சேர்ந்தால் நுரை குறையும், திரி திரியாகப் படிவு விழும். புத்தளத்திலும் அதே கதை. முடியின் அடியில் அந்தப் படிவு இறுகி, முடியை ஒடித்திருக்கிறது. இத்தகைய தண்ணீர் உள்ளவர்கள் மாதம் ஒருமுறை தேசிக்காய்ச் சாறு கலந்த இளஞ்சூட்டு நீரில் தூரிகையைச் சில நிமிடங்கள் ஊறவைத்து அலசினால் போதும். வாப்பாவுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது வேலை அளவெடுப்பது. பள்ளிக்கூட வேணியர் இடுக்கிமானியைத் தம்பி மகன் கொண்டுவந்தான். குழியின் விட்டம் 21 மில்லிமீற்றர். நான் வாங்கியிருந்த கட்டின் அடி 20. பசைக்கு அரை மில்லிமீற்றர் சுற்றிலும் இடம் வேண்டும், சரியாக இருந்தது.

மூன்றாவது வேலைதான் உயிரானது: உயரம் பார்ப்பது. பிடியின் விளிம்பிலிருந்து முடியின் நுனிவரை எவ்வளவு நிற்க வேண்டும் என்பதில்தான் தூரிகையின் குணம் முழுவதும் இருக்கிறது. உயரம் கூடினால் தூரிகை தொய்ந்து சாயும். தோலில் நுரை ஏறாது. உயரம் குறைந்தால் முடி விரிய இடமின்றி விறைத்து நிற்கும், தோலைச் சுரண்டும், வளைய முடியாமல் அடியில் ஒடியும். இன்னொன்று. கட்டின் அடியில் பசை முடிக்குள் சற்று மேலேறி ஒரு மேடாக உறைந்திருக்கும். அந்த மேடு விளிம்புக்கு மேலே தெரிந்தால் முகத்தில் கட்டை இடிப்பது போல இருக்கும்; தண்ணீரும் அங்கே தேங்கும். மேடு மறையும் அளவுக்குக் கட்டு உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் போகக்கூடாது. இருபது மில்லிமீற்றர்க் கட்டுக்கு ஐம்பது மில்லிமீற்றர் அளவில் உயரம் நிற்பது பொதுவாகச் சரிவரும். ஆனால் அது பொதுவிதி. உங்கள் குழி, உங்கள் கட்டு, உங்கள் முகம் மூன்றும் சேர்ந்துதான் முடிவு சொல்லும்.

குழி தோண்டத் தோண்ட ஆழமாகிவிட்டிருந்தது. கட்டை அப்படியே இறக்கினால் நாற்பத்திரண்டுதான் நின்றது. அடியில் எதையாவது இட்டு உயர்த்த வேண்டும். தம்பி உள்ளே போய் ஒரு ரூபாய்க் குற்றிகள் சிலவற்றைக் கொண்டுவந்தான். குழிக்குள் அளந்து செய்தது போல இறங்கின. 2022இன் நெருக்கடிக்குப் பிறகு ஒரு ரூபாய்க்கு இந்த நாட்டில் கிடைத்த முதலாவது பயன் இதுதான் என்று அவன் சொன்னான். ஒரு குற்றி, இரண்டு குற்றி என்று கூட்டியும் குறைத்தும் பார்த்தோம். பசை எதுவும் இல்லை, கட்டின் அடியில் நூல் சுற்றி, ஆடாமல் இறுக்கி, நனைத்து, கன்னத்தில் நுரை கூட்டிப் பார்ப்பது, பிறகு கழற்றுவது. ஆறு குற்றியில் ஐம்பத்திரண்டு நின்றது. சாய்ந்தது, பசை மேடும் எட்டிப் பார்த்தது. நான்கில் சற்று விறைப்பு. ஐந்தில் ‘இதுதான்’ என்று கன்னம் சொல்லிற்று. இரும்பில் செய்த குற்றி நாளடைவில் துருப்பிடிக்கும் என்பதால், அதே தடிப்புக்குப் பிளாஸ்ரிக் வட்டுகளை வெட்டிப் பதிலாக இட்டோம்.

கடைசியில்தான் பசை. எப்பொக்சி உறுதியானது, ஆனால் ஒரு முறை ஒட்டினால் ஒட்டியதுதான். பிழை என்றால் மறுபடியும் துளைக்கருவி. முதல் தடவை செய்பவர்களுக்கு நான் சிலிக்கன் பசையைச் சொல்வேன். தண்ணீரைத் தாங்கும், தேவைப்பட்டால் கழற்றவும் முடியும். குழியின் சுவரில் மெல்லப் பூசி, கட்டை இறக்கி, நான்கு பக்கமும் பார்த்து நிமிர்த்தி, ஒரு நாள் முழுதும் தொடாமல் வைத்தோம். மறுநாள் காலை முதலில் தம்பி சவரம் செய்தான், பிறகு நான், பிறகு, பெரிதாக மழிக்க எதுவும் இல்லாத அவன் மகன்.

அவன்தான் கேட்டான்: “பெரியவாப்பா, முடி எல்லாம் புதிசு. அதுவும் பிளாஸ்ரிக். இது இன்னும் மூத்தவாப்பாட பிரஷ்தானா?”

இந்தக் கேள்வியை நான் வேறு வாய்களிலிருந்தும் கேட்டிருக்கிறேன். கேட்டவர்கள் தூரிகையைப் பற்றிக் கேட்கவில்லை. ஊரைப் பற்றிக் கேட்டார்கள்.

மறிச்சுக்கட்டி புதிய ஊரன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் முத்துக்குளிப்பின் பெருமுகாம் இங்கேதான் அமைந்தது. 1906இல் இளம் அரச உத்தியோகத்தராக லெனார்ட் வுல்ஃப் கடமையாற்றிய முகாம் அது. ஆனால் 2009இன் பின் எங்கள் மக்கள் திரும்பியபோது, வீடுகள் நின்ற இடத்தில் காடு நின்றது. இருபது ஆண்டுக் காடு. 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று நான்கு குடும்பங்களாக வந்தார்கள். பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தவர்கள். இவர்கள் பழைய மறிச்சுக்கட்டியாரா, காட்டைப் பிடிக்க வந்த புதியவர்களா என்ற கேள்வி கொழும்பில் எழுந்தது. 2012 ஒக்ரோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி ஒதுக்குக் காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015இல் வில்பத்து என்ற பெயரில் நாடெங்கும் பெரும் பிரச்சாரம். 2017 மார்ச்சில் மேலும் விரிந்த பரப்பு மாவில்லு பேணற்காடு ஆயிற்று. ஊர் வீதிக்கு வந்து போராடியது.

நான் ஒரு பக்கத்தை மட்டும் சொல்ல விரும்பவில்லை. காடு வெட்டப்பட்டது உண்மை. கல்லாற்றுப் பகுதியில் நடந்த காடழிப்பு சட்டவிரோதமானது என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மீள்குடியேற்றத்தின் பெயரால் அரசியல்வாதிகள் செய்ததற்கெல்லாம் ஊர் மக்கள் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. வில்பத்து அழிந்தால் முதலில் தண்ணீரின்றித் தவிக்கப் போவதும் எங்கள் ஊர்தான். அதேபோல, ஊரிழந்தது நாங்கள் மட்டுமல்லர். அயலிலுள்ள முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கத் தமிழ் மக்கள் 2007இல் வெளியேற்றப்பட்டு, அவர்களது கிராமத்தில் கடற்படை அமர்ந்தது. அவர்களது கண்ணீரையும் நமது கண்ணீரின் கணக்கில் சேர்க்காமல் நாம் நியாயம் பேச முடியாது.

ஆனாலும் எனது கருத்து இது. புதிய முடி என்பதால் பழைய தூரிகை இல்லையென்று ஆகிவிடாது. முப்பது ஆண்டுகளில் ஒரு ஊரின் மனிதர்கள் இறக்கவும் பிறக்கவும் பெருகவும்தான் செய்வார்கள். 1990இன் பெயர்ப்பட்டியலில் உள்ளவர் மட்டுமே ஊரவர், மற்றவர் அந்நியர் என்பது, கொட்டிய அதே முடியைக் கொண்டுவந்து காட்டினால்தான் இது உன் வாப்பாவின் தூரிகை என்று ஒப்புக்கொள்வேன் என்பதைப் போன்றது. உறுதி, பயிர்ச்செய்கை அனுமதிப்பத்திரம், பள்ளிக்கூட இடாப்பு, மையவாடி, பாழ்ங்கிணறு என்று பிடிக்கான சான்றுகள் பல. அவற்றைத் தேடிப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

இன்னொன்றும் எங்கள் மக்களுக்குச் சொல்ல வேண்டும். பிடி நமது என்பதற்காக எவ்வளவு பெரிய கட்டையும் அதில் திணிக்க முடியாது. குழிக்கு ஓர் அளவு உண்டு. 1990க்கு முன் ஊரும் வயலும் இருந்த பரப்பு எது, காடாகவே இருந்தது எது என்பதை நாமும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கு முடிவதற்கு முன் வரைபடத்தில் கோடு போட்டு வர்த்தமானியில் அச்சிட்டார்களே, அதுதான் தவறு. குற்றி வைத்து உயரம் பார்ப்பதற்கு முன்பே எப்பொக்சி இட்டுவிட்டார்கள். கழற்றுவதற்கு இப்போது ஒவ்வொரு முறையும் துளைக்கருவி தேவைப்படுகிறது: நீதிமன்றம், போராட்டம், ஆணைக்குழு.

இவ்வளவு பாடு எதற்கு, சில நூறு ரூபாய்க்குப் புதிய பிரஷ் கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும். சவரம் மட்டுமே நோக்கம் என்றால் நானும் அதைத்தான் வாங்கியிருப்பேன். முகாமில் ஒரு பெருநாள் காலையில், வீடிழந்த அத்தனை ஆண்களின் கைகளும் மாறி மாறிப் பிடித்த பிடி கடையில் கிடைக்காது. அதைத் தூக்கி எறிய எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அவ்வளவுதான்.

தம்பி மகனுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. “நீ புத்தளத்தில் பிறந்தவன். நீ எந்த ஊர்?” என்று கேட்டேன். “மறிச்சுக்கட்டி” என்றான், யோசிக்காமல். “அப்படியானால் இது மூத்தவாப்பாவின் பிரஷ்தான்” என்றேன்.

தூரிகையைக் கொழும்புக்குக் கொண்டுவரவில்லை. கிணற்றடிக் கண்ணாடிக்குக் கீழே, முடி காற்றில் காயும்படி ஆணியில் தொங்கவிட்டு வந்திருக்கிறேன். மாதம் ஒருமுறை தேசிக்காய்த் தண்ணீரில் அலசச் சொல்லி எழுதியும் வைத்திருக்கிறேன்.